முப்பது துண்டு மாசி

மூங்கிலாறு தோட்டம்,
மேல் டிவிசன், பெரகல.
15.07.1973

அன்புத் தோழி றஷீதாவுக்கு,

இருதயம்மா எழுதிக்கொள்வது. எந்த இருதயம்மா என்று நெற்றியைச் சுருக்காதே. பதுளைக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பென்சில்களையெல்லாம் கடித்துத் துப்பிய அதே இருதயம்மாதான். அப்பா செத்ததும் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு கடிதம் போட்டாயா நீ? நானும் போடவில்லைதான். கொழுந்து பறிக்கிறவளுக்குப் பேனா பிடிக்க விரல் வராது என்று வைத்துக்கொள்.

போன மாதம் பதுளைக்கு வந்தபோது உங்கள் கடைக்குப் போனேன். உன் நானா ஜுனைதீன் இருந்தார். “தங்கச்சி கண்டியில பெரிய படிப்புப் படிக்கிறா. என்னா படிப்புன்னு கேக்கிறியா? எறும்பு!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் ஒன்று பார்த்திருந்தேன். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

எங்கள் தேயிலை மலைக்கு மேலே பெருங்காடு. வெயில் நிலத்தில் விழாது, எப்போதும் ஈரம். அங்கே விறகுக்குப் போனேன். பாதையில் விரல் மொத்தத்தில் ஒரு மண்புழு, ஒன்றரை முழம் இருக்கும், போய்க்கொண்டிருந்தது. இரண்டு எறும்பு வந்து அதைத் தொட்டுப் பார்த்தன. கட்டெறும்பு மாதிரிக் கறுப்பு, ஆனால் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுக்கம். தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. நான் விறகைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு படையே வந்தது. கறுப்புக் கயிற்றை யாரோ இழுத்துவிட்ட மாதிரி. புழு துள்ளுகிறது, சுழற்றி அடிக்கிறது. இவை விடவில்லை. சில கொட்டின, சில பிடித்துக்கொண்டன, சில சுற்றி நின்றன. புழு அடங்கியதும் எல்லாமாகச் சேர்ந்து இழுத்துக்கொண்டு போயின. எங்கள் தோட்டத்தில் பத்துப் பேர் ஒரு மரத்தை இழுக்க வேண்டுமென்றால் கங்காணி தொண்டை கிழியக் கத்த வேண்டும். அங்கே கத்த ஆளில்லை. எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகிவிட்டது. அவர் பெயர் கபிரியேல், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறார். மகள் பிலோமிக்கு வருகிற டிசம்பரில் மூன்று வயது. வாய் ஓயாது. தேவ கிருபையால் மூவரும் சுகம். நீயும் உன் வாப்பா, உம்மா எல்லோரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உன் பழைய தோழி,
க. இருதயம்மா


பெண்கள் விடுதி,
கண்டி.
28.07.1973

என் அருமை இருதயத்துக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் கத்திவிட்டேன். அறைத் தோழி, வீட்டில் யாரும் மௌத்தாகிவிட்டார்களா என்று ஓடிவந்தாள். நீ உயிரோடு இருக்கிறாய், எழுதுகிறாய், அதுவும் எறும்பைப் பற்றி!

நீ பார்த்தது கூட்டாக வேட்டையாடும் எறும்பு. நம் காடுகளில் அவை எப்படி வேட்டையாடுகின்றன என்று நின்று பார்த்து எழுதியவர்கள் குறைவு என்று பேராசிரியர் சொல்கிறார். நானோ போத்தலில் செத்துக் கிடக்கும் எறும்புகளின் காலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். காட்டுக்குப் போய் மாதக் கணக்கில் இருக்க வேண்டுமென்றேன். வாப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “காட்டுல போய் நிக்கிற படிப்புன்னா பொம்புளப் புள்ளைக்கு வேணாம். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பொறகு கல்யாணம்.” வெலிமடையில் ஒருவரைப் பார்த்தும் வைத்திருக்கிறார்கள்.

இருதயம், நீ என் கண்ணாக இருப்பாயா? ஞாயிற்றுக்கிழமைகளில் போனாலே போதும். முதலில் எத்தனை எறும்பு வருகிறது? திரும்பிப் போய்ப் படையைக் கூட்டிவர எவ்வளவு நேரம்? எத்தனை சேர்ந்து இழுக்கின்றன? எல்லாவற்றையும் எழுது. உன் பெயரை என் ஆய்வேட்டில் போடுவேன், அச்சில் வரும்.

உன்னிடம் கைக்கடிகாரம் இருக்கிறதா?

பிலோமிக்கு என் முத்தம்.

றஷீதா


மூங்கிலாறு தோட்டம்.
21.10.1973

அன்புள்ள றஷீதா,

கடிகாரம் நமக்கேது? ஆனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எறும்பு திரும்பிப் போனதும் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்குவேன். படை வந்து சேரும்வரை எத்தனை தடவை என்று விரலில் எண்ணுவேன். உன் விடுதியில் வேதக்காரப் பிள்ளை இருந்தால் சொல்லச் சொல்லி, ஒன்றுக்கு எத்தனை விநாடி என்று பார்த்துக்கொள். ஜெபத்தை இதற்குப் பாவித்தது பாவமா என்று சாமியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் பாவம் என்றுவிடுவார்.

பதினொரு வேட்டை பார்த்தேன். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உளவு பார்க்க வருவது ஒன்றோ இரண்டோதான். திரும்பும்போது அவை வயிற்றை நிலத்தில் தேய்த்துக்கொண்டே போகின்றன. படை அதே தடத்தில் வருகிறது. ஒரு நாள் அந்தத் தடத்தை ஈரக் கையால் துடைத்துவிட்டேன். படை அந்த இடத்தில் வந்து தடுமாறிச் சிதறியது. பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னொன்று: பெரிய இரையை ஓர் எறும்பும் அந்த இடத்திலே தின்பதில்லை. எவ்வளவு பசியோ தெரியாது, எல்லாம் வீட்டுக்குத்தான் போகிறது.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் காட்டுக்குப் போய்ப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, பிந்திவிட்டேன். கங்காணி, “எங்கம்மா போயிட்டு வர்ற? பேரு கெடையாது, வீட்டுக்குப் போ” என்று திருப்பிவிட்டார். அன்றைய சம்பளம் போயிற்று. கபிரியேல் அன்று முழுதும் பேசவில்லை. இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை தருகிறார்கள், அதனால் அவருக்குக் கோபம். கூப்பன் அரிசியையும் குறைத்துவிட்டார்கள். உங்கள் பக்கம் எப்படி?

உன்னை மறவாத,
இருதயம்மா


கண்டி.
10.11.1973

என் கண்ணான இருதயம்,

உன் கொப்பியைப் பேராசிரியரிடம் காட்டினேன். தடத்தைத் துடைத்ததை வாசித்துவிட்டு, “இதை யார் இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார். யாருமில்லை என்றேன். நீ படித்திருக்க வேண்டும் இருதயம். எனக்குப் பதிலாக நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஒரு ஜெபத்துக்குப் பதினைந்து விநாடி. அறைத் தோழி வேதக்காரிதான், இருபது தடவை சொல்லிக் காட்டினாள்.

ஆனால் பார்த்ததை மட்டும் எழுதினால் ஆய்வாகாதாம். ஒரே அளவான இரையை வைத்து எண்ண வேண்டும். ஆகவே கடையிலிருந்து மாசிக் கருவாடு எடுத்து, நானே மூன்று அளவில் வெட்டி, அளவுக்குப் பத்தாக முப்பது துண்டு அனுப்புகிறேன். ஜுனைதீன் நானா லொறியில் வரும்போது பெரகல சந்தியில் பலீல் நானாவின் கடையில் கொடுப்பார். கல்லு மாதிரி இருக்கும். சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்துவிட்டுப் போடு. எத்தனை எறும்பு தூக்குகிறது, ஒரு முழம் இழுக்க எத்தனை ஜெபம் ஆகிறது, அவ்வளவுதான். ஒரு துண்டும் குறையக் கூடாது. குறைந்தால் பட்டியல் பிழைத்துவிடும்.

இங்கேயும் பாணுக்கு வரிசைதான். விடுதியில் மரவள்ளிக்கிழங்கு போட்டுப் போட்டு வெறுத்துவிட்டது.

உன் றஷீதா


மூங்கிலாறு தோட்டம்.
16.12.1973

அன்புள்ள றஷீதா,

முப்பதையும் போட்டு முடித்துவிட்டேன். பட்டியல் மறுபக்கத்தில். சின்னத் துண்டுக்கு மூன்று நான்கு எறும்பு. நடுத்தரத்துக்கு ஒன்பது முதல் பதினொன்று. பெரியதுக்கு இருபத்தாறுக்குக் குறையவில்லை, ஒரு தடவை முப்பத்தொன்று. வேரில் மாட்டிக்கொண்டால் எல்லாம் ஒரே பக்கம் இழுப்பதை நிறுத்திவிட்டு, சில மறுபக்கம் போய்த் துண்டைத் திருப்புகின்றன. ஏழாவது தடவை அதைப் பார்த்ததும் கை தட்டிவிட்டேன்.

பொட்டலத்தைப் பிரித்த அன்று எங்கள் லய வீட்டு வரிசை முழுக்க மாசி மணம். பக்கத்துக் காம்பராவிலிருந்தெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிலோமி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “எறும்புக்குப் பசிக்குதாம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எனக்கும் பசிக்குது, எறும்பு கொஞ்சம் குடுக்குமா?” என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான் பேச்சு. நீ சொன்னபடி ஒரு துண்டும் குறையவில்லை. ஊறவைத்த தண்ணீரை மட்டும் அவளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். அது உன் கணக்கில் இல்லை என்று நினைத்தேன்.

அவளுக்கு மூன்று முடிந்துவிட்டது. இப்போது கன்னமும் காலும் உப்பிக் கொழுகொழுவென்று இருக்கிறாள், ஆனால் நடக்கச் சோம்பல். தலைமுடி வெள்ளைக்காரக் குழந்தை மாதிரிச் செம்பட்டையாகிவிட்டது.

எங்கள் வரிசையின் கடைசியில், தொங்கல் காம்பராவில் இருந்த கிழவர் போன கிழமை இறந்துபோனார். அதற்கு முந்திய கிழமை ஒரு கைக்குழந்தை.

றஷீதா, கேட்க வெட்கமாக இருக்கிறது. உங்கள் கடையில் கோதுமை மா கிடைத்தால், கொஞ்சம், பலீல் நானாவின் கடையில் கொடுத்துவிட முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை.

இருதயம்மா


கண்டி.
09.01.1974

என் அன்பு இருதயம்,

பட்டியலைப் பார்த்து இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை, சந்தோஷத்தில். பாரம் கூடக் கூட எறும்பின் தொகையும் கூடுகிறது. ஆனால் இழுக்கும் வேகம் குறையவில்லை! பெரிய விஷயம் இது. இதே முடிவு வேறொரு புற்றிலும் வந்தால்தான் உறுதி என்கிறார் பேராசிரியர். இங்கிலாந்தில் படிக்க ஓர் உதவித்தொகை இருக்கிறதாம். இந்த ஆய்வு நன்றாக வந்தால் என் பெயரைச் சிபாரிசு செய்வாராம். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இன்னும் முப்பது துண்டு அனுப்புகிறேன். இந்தத் தடவை பெரியதை இன்னும் பெரிதாக வெட்டியிருக்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று கொப்பியில் எழுதியிருந்தாயே, அதில் செய். மார்ச் தொடக்கத்துக்குள் கட்டாயம் வேண்டும். போன பட்டியலில் பத்தொன்பதாவது துண்டுக்கு நேரம் எழுத மறந்துவிட்டாய். இனி அப்படிச் செய்யாதே.

மா விஷயம் ஜுனைதீன் நானாவிடம் சொன்னேன். “ரோட்டுல மூணு எடத்துல பொலிஸ் மறிச்சுப் பாக்கிறான். அரிசியோ மாவோ கண்டா லொறியையே புடிச்சிருவான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு” என்றார். கருவாட்டை யாரும் கேட்பதில்லையாம். அடுத்த மாதம் கட்டாயம் பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

பிலோமி கொழுத்திருக்கிறாள் என்று கேட்டு மிகவும் சந்தோஷம்.

அவசரத்தில்,
றஷீதா


மூங்கிலாறு தோட்டம்.
03.03.1974

அன்புள்ள றஷீதா,

பட்டியல் இத்துடன். முப்பதும் எழுதியிருக்கிறேன், நேரமும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

சின்னது: 4, 3, 4, 4, 3, 5, 4, 3, 4, 4.
நடுத்தரம்: 10, 11, 9, 10, 12, 10, 11, 10, 9, 11.
பெரியது: 38, 41, 37, 40, 39, 42, 38, 40, 41, 39.

பிலோமிக்குச் சுகமில்லை. வேறு விசேஷம் இல்லை.

இருதயம்மா


கண்டி.
20.05.1974

என் அருமை இருதயம்,

பதில் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். இரவு பகலாகத் தட்டச்சு. உன் இரண்டாவது பட்டியல் முதலாவதைவிட அழகு! எண்கள் கோடு போட்ட மாதிரி வருகின்றன. அதையே நடுவில் வைத்து ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பியிருக்கிறோம். நன்றியுரையில் ‘திருமதி க. இருதயம்மா, மூங்கிலாறு’ என்று போட்டிருக்கிறேன். அதைத் தட்டச்சில் பார்த்தபோது நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

உதவித்தொகை அநேகமாகச் சரி. வாப்பாவும் இறங்கிவந்திருக்கிறார். வெலிமடைப் பேச்சை இப்போது எடுப்பதில்லை.

பரீட்சகர்கள் கேட்கக்கூடும் என்பதால், முடிந்தால் பெரிய துண்டை மட்டும் இன்னும் ஐந்து தடவை செய்து தருவாயா? ஏன் எழுதவே இல்லை? கோபமா? மா அனுப்ப முடியாமல் போனதற்காகவா? லொறி அந்தப் பக்கம் போவதே நின்றுபோயிற்று.

பிலோமிக்கு இப்போது சுகம்தானே?

உன் றஷீதா


மூங்கிலாறு தோட்டம்.
14.07.1974

றஷீதாவுக்கு,

பிலோமி ஏப்ரல் மாதம் ஒன்பதாம் திகதி இறந்துபோனாள். பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முந்தி. உடனே எழுத முடியவில்லை.

காலிலும் கன்னத்திலும் இருந்த வீக்கம் முகம் முழுக்க வந்தது. பிறகு ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். டிஸ்பென்சரி ஐயா காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. “சத்து இல்லம்மா. மருந்து என்னா செய்யும்? புள்ளைக்கு ஏதாவது திங்கக் குடு” என்றார். எதைக் கொடுப்பது என்று கேட்டேன். அவர் அடுத்து நின்றவளைக் கூப்பிட்டார்.

இப்போது நான் சொல்வதை நீ அறிய வேண்டும். உன் இரண்டாவது பொட்டலத்தை நான் எறும்புக்குப் போடவில்லை. ஊறவைத்து, இடித்து, கீரையோடு வேகவைத்து, ஒரு நாளைக்கு மூன்று துண்டாகப் பிலோமிக்குக் கொடுத்தேன். நானும் அவரும் தொடவில்லை. பத்து நாள் வந்தது. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். எட்டாம் நாள் வாசல்வரை நடந்துபோய், கோழி எங்கே என்று கேட்டாள். கோழி இல்லை, விற்றாகிவிட்டது. பத்தாம் நாள் மாசி முடிந்தது. பிறகு மறுபடியும் படுத்துவிட்டாள்.

மார்ச் மாதம் அனுப்பிய பட்டியலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானாகவே எழுதினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. நீ அதைக் கட்டுரையில் போட்டாய் என்று எழுதியிருந்தாய். அது பொய் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

முதல் பொட்டலத்தில் முப்பது துண்டையும் எறும்புக்குப் போட்டேன். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது அவள் நடந்துகொண்டிருந்தாள். அப்போதே கொடுத்திருந்தால் என்று கபிரியேல் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லாமல் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இருதயம்மா


கண்டி.
02.08.1974

என் இருதயம்,

எப்படி எழுதுவது? மூன்று நாளாகக் கிழித்துக் கிழித்துப் போடுகிறேன். உன் குழந்தையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உயிரினங்களைப் பற்றி ஏழு வருஷம் படித்தவள் நான். காலும் கன்னமும் உப்பி, முடி செம்பட்டையாகிறது என்று நீ எழுதினாய். அது சத்தில்லாத பிள்ளைக்கு வரும் வீக்கம் என்று பாடப் புத்தகத்தில் படத்தோடு படித்திருக்கிறேன். சந்தோஷம் என்று பதில் எழுதினேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானோ தெரியாது.

உம்மாவிடம் சொல்லி இரண்டு கொத்து அரிசியும் மாவும் பலீல் நானாவின் கடைக்கு எப்படியாவது அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து எடுத்துக்கொள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலில் சிலவாவது நீ பார்த்ததுதானே? பிலோமிக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு நாலைந்து துண்டாவது போட்டிருப்பாயே? கவலையில் மறந்திருப்பாய். நன்றாக யோசித்துச் சொல். வாய்மொழிப் பரீட்சை செப்டம்பர் பத்தாம் திகதி. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் ஆய்வு இல்லை, இங்கிலாந்து இல்லை, வெலிமடைதான். சிலவாவது பார்த்தேன் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. நீயும் இதைப்பற்றி யாருக்கும் சொல்ல வேண்டாம்.

றஷீதா


மூங்கிலாறு தோட்டம்.
25.08.1974

றஷீதாவுக்கு,

முதல் பட்டியல் முப்பதும் உண்மை. இரண்டாவது பட்டியலில் ஒன்றுகூட உண்மையில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அரிசியும் மாவும் வந்தன. தொங்கல் காம்பராவில் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன, அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உன் உம்மாவுக்கு என் வந்தனத்தைச் சொல்.

கபிரியேல் இந்தியாவுக்குத் திரும்பிப்போகப் பதிந்திருந்தார். பாஸ்போட் வருகிறதாம். இங்கே இருந்து என்ன செய்வது என்கிறார். நானும் சரி என்றுவிட்டேன்.

யாருக்கும் சொல்ல மாட்டேன். யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்?

இருதயம்மா


பலீல் ஸ்டோர்ஸ்,
பெரகல சந்தி.
11.04.1976

இருதயம்,

இதைப் பலீல் நானாவின் கடை மேசையில் இருந்து எழுதுகிறேன். கபிரியேல் அவருக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் கோத்தகிரி விலாசம் இருந்தது. அவரிடம் கெஞ்சி வாங்கினேன்.

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன். அதைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனேன். இரண்டு பட்டியலையும் பலகையில் எழுதி விளக்கினேன். பாராட்டினார்கள். பட்டம் கிடைத்தது. கட்டுரை போன வருஷம் அச்சில் வந்தது. பல்கலைக்கழகத்தில் வேலையும் தந்தார்கள். இந்தச் செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போவதாக இருந்தது.

போவதற்கு முன் அந்தக் காட்டை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமென்று போன மாதம் வந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த முப்பதையும் நானே செய்து, எண்கள் சரியாக வந்தால் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். மாசியும் வெட்டிக் கொண்டுவந்தேன். மேல் டிவிசனுக்கு ஏறினேன். உன் லயத்தில் இப்போது வேறு ஆட்கள். வாசலில் நின்ற ஒரு பொம்பிளையிடம் ஊறவைக்கச் சுடுதண்ணீர் கேட்டேன். தந்தாள். ஒரு மணித்தியாலம் அவள் காம்பராவில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை, தொடவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “யாருக்கு மிஸ் இது?” என்று அந்தப் பொம்பிளை கேட்டாள். எறும்புக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஒங்களுக்குத்தான்” என்று பாத்திரத்தோடு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எறும்பைப் பார்க்கவே இல்லை.

பிலோமியை வைத்த இடத்தை அவள்தான் காட்டினாள். புல் வளர்ந்திருக்கிறது. சிலுவை சாய்ந்திருந்தது. நிமிர்த்திக் கல் வைத்தேன்.

அங்கிருந்து நேரே கண்டிக்குப் போனேன். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதத்தையும் காட்டினேன். முழுவதும் வாசித்தார். “ஒன்றரை வருஷம் இதை வைத்துக்கொண்டா என் முன்னால் நின்றாய்?” என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சஞ்சிகைக்கு எழுதிவிட்டோம். இங்கிலாந்து போய்விட்டது. வேலையும் போகும். வாப்பா என்னோடு பேசுவதில்லை. இன்றைக்கு மறுபடியும் இங்கே வந்தது உன் விலாசத்துக்காகத்தான்.

இதையெல்லாம் உன்னிடம் பாராட்டு வாங்க எழுதவில்லை. உன் பிள்ளையின் சாப்பாட்டை எறும்புக்குப் போடச் சொன்னவள் நான். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

றஷீதா


கோத்தகிரி,
நீலகிரி.
20.06.1976

அன்புள்ள றஷீதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்லிவிட்டது நல்லது. உனக்குக் கஷ்டம் வந்ததைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் இல்லை, அதை நீ நம்ப வேண்டும். சிலுவையை நிமிர்த்தியதற்கு நன்றி. இங்கே வந்த பிறகு அது சாய்ந்திருக்குமோ என்ற நினைப்புத்தான் எனக்கு.

இங்கேயும் தேயிலைதான். குளிர் அதிகம். “சிலோன்காரங்க” என்று தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கிழமைக்கு ஆறு நாள் வேலை உண்டு. பிப்ரவரியில் ஒரு பையன் பிறந்திருக்கிறான். கபிரியேல் இப்போது கொஞ்சம் பேசுகிறார்.

நீ எழுதியதில் ஒன்று பிழை. போடச் சொன்னது நீ, ஆனால் போட்டது நான். காட்டில் எனக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. முப்பதையும் வீட்டிலே வைத்துக்கொண்டு, அன்றைக்கே பொய்ப் பட்டியல் எழுதியிருக்கலாம். பிலோமி கேட்டாள். கேட்டது காதில் விழுந்தது. அவள் கன்னம் உப்பியிருப்பது நல்லதல்ல என்று எனக்கும் அப்போதே உள்ளுக்குள் தெரியும், ஏழு வருஷம் படிக்காமலே. ஆனால் உன் பேராசிரியர் என்னைப்பற்றி விசாரித்தார் என்று எழுதியிருந்தாயே. கொழுந்து பறிக்கிறவளை அப்படி யாரும் விசாரித்ததில்லை. அந்தப் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் ஒவ்வொரு துண்டாக எண்ணி எண்ணிப் போட்டேன். கை தட்டினேன் என்றுகூட எழுதினேன். உண்மையாகவே தட்டினேன் றஷீதா, அவ்வளவு சந்தோஷம் எனக்கு அன்றைக்கு.

ஆகவே இதில் பாதி என்னுடையது. நீ முழுவதையும் எடுத்துக்கொண்டு போகாதே.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இனி எழுத வேண்டாம். உன் கடிதம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் திகதியைத்தான் பார்க்கிறேன். பழைய கடிதம் ஒவ்வொன்றின் திகதியும் எனக்கு மனப்பாடம். எந்தத் திகதியில் அவள் நடந்தாள், எந்தத் திகதியில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் அதே எண்ணம். அதை நிறுத்த வேண்டும்.

நீ எழுதினால் கபிரியேல் வாங்கி வைப்பார், ஆனால் நான் பிரிக்க மாட்டேன். இதை உனக்குச் சொல்லிவிடுவதுதான் முறை என்று எழுதினேன்.

வெலிமடைக்காரர் நல்லவராக இருந்தால் கட்டிக்கொள். இல்லாவிட்டால் எங்கேயாவது பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொடு. நீ நன்றாகச் சொல்லிக்கொடுப்பாய்.

உன் உம்மாவுக்கும் ஜுனைதீன் நானாவுக்கும் என் வந்தனம். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

இருதயம்மா